பாஸிங்

சாலையில் ஓட அனுமதி தரும் இடத்துக்குச்
சாலையில் ஓடிப் போகக் கூடாது.
ஆகவே அந்த கோல்ஃப் வண்டி
ரெகவரி லாரியின் முதுகில் ஏறி
இடுப்பில் வைத்த பிள்ளை மாதிரி
வேடிக்கை பார்த்துக்கொண்டே போனது
நாலு முறையும்.

"வாங்கின காசவிட
சுமந்த காசு கூடிரும் போலயே"
என்றார் சலவைக்கடை பிச்சைக்கனி.
ஸர்வர் கான் காசை எண்ணாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மூடிப்போன ரிசார்ட்டின் ஏலத்தில் எடுத்தது.
புல்லைத் தவிர வேறெதையும் மிதித்தறியாத டயர்.
உம்முல் குவைனில் அவ்வளவு புல்
எங்கே வைத்திருந்தார்களோ.
மட்டைப் பைகள் நின்ற இடத்தில்
இனி தேய்த்த கந்தூராக்கள் தொங்க வேண்டும்:
கேம்ப் இரண்டு, வில்லா பதினொன்று,
பெட்ரோல் பங்க் பையன்களின் யூனிஃபார்ம்.

முதல் முறை
ஹார்ன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை,
பெல்ட் இல்லை, பக்கக் கண்ணாடி இல்லை,
அதிகாரி எழுத எழுத இடம் போதாமல்
தாளைத் திருப்பினார்.

நான் ஸ்கிராப் யார்டுக்குப் போனேன்.
கண்ணாடி ஒரு கொரோலாவிடம்.
பெல்ட், கவிழ்ந்த பஜேரோவிடம்
(கறை இருந்தது, பார்க்காமல் கழுவினேன்).
ஹார்ன் ஒரு பள்ளிக்கூடப் பஸ்ஸிடம்.
அழுத்தினால்
வண்டியைவிடப் பெரிய வண்டி ஒன்று
உள்ளேயிருந்து கத்தியது.

நாலு பேட்டரி, மொத்தம் நாற்பத்தெட்டு வோல்ட்.
விளக்குக்குப் பன்னிரண்டு போதும்.
"ஒண்ணுலேருந்து மட்டும் இழுத்துவிடு,
யார் பார்க்கப் போறா"
என்றான் ஃபோர்மேன் ஷிபு.
ஒன்றிலிருந்தே எடுத்தால்
அது முதலில் சாகும்,
மற்ற மூன்றும் அதன் பின்னால்.
ஷிஃப்ட் பார்த்தவனுக்கு
இதை விளக்கத் தேவையில்லை.
எண்பது திர்ஹத்துக்கு கன்வெர்ட்டர் வாங்கி
நாலிடமும் சமமாகக் கேட்டேன்.

சீட்டைக் கழற்றியபோது
அடியில் ஒரு வெள்ளைப் பந்து.
அம்மைத் தழும்பு முகம்.
இஸ்திரி மேசையின் கட்டைக்காலுக்கு
இப்போது அதுதான் முட்டு.

இரண்டாம் முறை
முன்கண்ணாடி பிளாஸ்டிக் என்று திருப்பினார்கள்.
மூன்றாம் முறை
பிரேக் விளக்கு அணையவே இல்லை.
"பேட்டரி கோளாறு" என்று பிச்சைக்கனியிடம் சொன்னேன்.
இரண்டு வயரை மாற்றிக் கொடுத்திருந்தேன்.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நாலாம் முறை
அதிகாரி ஒரு சுற்று தானே ஓட்டிப் பார்த்தார்.
சிரிக்கக் கூடாது என்று
முகத்தை இறுக்கிக்கொண்டு ஓட்டினார்.
ஹார்னை இரண்டு தரம் அழுத்தினார்,
ஒன்று சட்டத்துக்கு.

உள்சாலை மட்டும்.
நாற்பதுக்கு மேல் கூடாது.
நெடுஞ்சாலை இருக்கும் பக்கம்
தலைவைத்தும் படுக்கக் கூடாது.
முத்திரை விழுந்தது.
நம்பர் பிளேட்டை நானே மாட்டினேன்,
வெயிலில் சூடேறிய இரண்டு ஆணி,
ஸ்க்ரூடிரைவர் கடன்.

"நீயே ஓட்டு, நீ செஞ்ச வண்டி"
சாவியை நீட்டினார் பிச்சைக்கனி.

லைசென்ஸ் டெஸ்டில் ஐந்து முறை போய்விட்டேன்.
மூன்று தடவை பார்க்கிங்,
ஒரு தடவை ரவுண்டானா,
ஒரு தடவை ஏனென்றே சொல்லவில்லை.
வண்டி நாலில் முடித்துவிட்டது.

பின்சீட்டில் ஏறினேன்.
அது பின்னோக்கிப் பார்க்கும் சீட்.
மடியில் பஜேரோவின் பெல்ட்.
எங்கே போகிறோம் என்று தெரியாது,
விட்டுவந்தது மட்டும் தெரிகிறது:
டெஸ்டிங் சென்டரின் வாசல்,
காலியாகத் திரும்பும் ஸர்வர் கானின் லாரி,
காலுக்கடியிலிருந்து
உருவிக்கொண்டே நீளும் தார்.

ரவுண்டானாவில் நின்றோம்.
எனக்கு நேர் எதிரே,
மூக்கோடு மூக்காக,
ஒரு லேண்ட் க்ரூஸர்.
உள்ளே இருந்தவள் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி
என்னைப் பார்த்தாள்,
கீழே நம்பர் பிளேட்டைப் பார்த்தாள்,
மறுபடி என்னை.

இடப்பக்கம் என் வயரிங்
டிக் டிக் என்றது.
போதாதோ என்று
கையையும் நீட்டினேன்.